பள்ளிக் குழாயில் வருவது நல்ல தண்ணீரா? கேட்கும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு

தாமிரபரணி எங்கே பிறக்கிறது என்று திருநெல்வேலிப் பிள்ளையிடம் கேட்டால், பொதிகை என்று சட்டென்று பதில் வரும். புன்னைக்காயலில் கடலைச் சேருகிறது, வழியில் எட்டு அணைக்கட்டுகள் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. உன் பள்ளிக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா, அதைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று அதே பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பல பள்ளிகளில் ஆசிரியருக்கே பதில் தெரியாது. தண்ணீரைப் பற்றிய பாடம் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

இது யாரிடமும் சலுகையாகக் கேட்கிற விஷயம் அல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பான, போதுமான குடிநீர் வசதி பள்ளியில் இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணையிலேயே சொல்கிறது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரக வீடுகளுக்குக் குழாய் இணைப்பு வழங்கி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் கிடைக்கச் செய்வதை இலக்காகக் கொண்டது. 2020 அக்டோபர் 2 முதல் பள்ளிகளும் அங்கன்வாடிகளும் அதில் தனிக் கவனம் பெற்றன. குடிப்பதற்கு மட்டுமல்லாமல் சத்துணவு சமைக்கவும், கை கழுவவும், கழிப்பறைக்கும் தண்ணீர் வர வேண்டும்.

ஆனால் குழாய் இருப்பது வேறு, அதில் வருவது நல்ல தண்ணீராக இருப்பது வேறு. அம்பாசமுத்திரத்துப் பள்ளிக்கும் ராதாபுரத்துப் பள்ளிக்கும் ஒரே பாடம் போதாது. ஆற்றுப் பாசனப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது கிருமி. கிழக்கே கடலோரம் போகப் போக உப்பு. அங்கே உவரி என்றே ஓர் ஊர் இருக்கிறது, அந்தச் சொல்லுக்கு உப்புநீர் என்று பொருள். ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் ஊர்களில் ஃபுளோரைடையும் பார்த்தாக வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. கரைந்த உப்புகளுக்கு அளவு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் வீடுகளில் நம்புகிறோம். கிருமி சாகும், உண்மைதான். ஆனால் உப்பும் ஃபுளோரைடும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைவதால் மிச்சத்தில் சற்றுக் கூடவே செய்யும். ஃபுளோரைடு கூடிப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிந்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

பரிசோதனைக்குச் செலவு அதிகமில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும். உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று ஊராட்சியில் கேளுங்கள். அவர்களைப் பள்ளிக்கு அழைத்து மாணவர்கள் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள். கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் தண்ணீர் மஞ்சளாக மாறுவதை ஒரு முறை பார்த்த பிள்ளை அதை மறக்காது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். ரசாயனச் சொட்டுகளைப் பெரியவர்களே கையாளட்டும். விரிவான முடிவு வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் குறைந்த கட்டணத்துக்குப் பொதுமக்களும் பரிசோதித்துக்கொள்ளலாம். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

சேமிப்புக்குச் சுவரொட்டி வரைவதைவிட ஒரு கணக்கு மேல். சொட்டும் குழாயின் அடியில் பத்து நிமிடம் அளவுக் குவளையை வைத்து, கிடைத்ததை 144ஆல் பெருக்கினால் ஒரு நாள் இழப்பு தெரியும். 100 மில்லி சேர்ந்திருந்தால் 14.4 லிட்டர், அதாவது ஒருவருக்குரிய 55 லிட்டரில் கால் பங்குக்கும் மேல்.

குறை தெரிந்தால் முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அங்கே தீராததைக் கிராம சபைக்குக் கொண்டு போகலாம். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. பிள்ளைகளுக்கு அங்கே வாக்கு இல்லை. ஆனால் அவர்கள் குறித்து வைத்த பரிசோதனை முடிவுகளைப் பெற்றோர் எழுந்து வாசித்து, தீர்மானமாகப் பதியச் சொல்லலாம். தேதி, எந்தக் குழாய், என்ன அளவு என்ற மூன்றும் அந்த நோட்டில் இருக்கட்டும்.