கறியை எடுத்துவிட்டால் அது சைவச் சாப்பாடு ஆகிவிடுமா?

இந்தக் கல்லூரிப் பருவம் தொடங்கியதிலிருந்து இதே மாதிரிப் புகாரோடு என்னிடம் வந்தவர்களில் இவள் நான்காவது ஆள். இரண்டாம் ஆண்டு மாணவி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, கொஞ்ச நாளாக உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருக்கிறதாம். "எக்ஸாம் டென்ஷன்னு நினைச்சேன் மேடம்" என்றாள். ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்தும் குறைவு, வைட்டமின் பி12-உம் குறைவு.

நேற்று காலையிலிருந்து வாயில் போட்டதையெல்லாம் சொல்லு என்றேன். உணவு ஆலோசனை சொல்லும் எங்கள் தொழிலில் முதல் கேள்வியே அதுதான். காலையில் கறுப்புக் காபி, ஒரு துண்டு ரொட்டி. மதியம் பல்கலைக்கழக கேன்டீனில் தக்காளிக் குழம்பு ஊற்றிய பாஸ்தா. மாலையில் உருளைக்கிழங்கு வறுவல். இரவு விடுதியில் சோறும் வதக்கிய காயும். அப்புறம் அந்த வசனம்: "சைவம்தானே மேடம், ஹெல்தியாத்தானே சாப்பிடுறேன்?"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சைவம் என்றால் கறியும் மீனும் இல்லை, அவ்வளவுதான். வேறு எதற்கும் அந்தச் சொல் உத்தரவாதம் தராது. சர்க்கரைத் தண்ணீர் சைவம். எண்ணெயில் பொரித்த மாவு சைவம். இந்தப் பெண் சாப்பிட்டதும் அப்பழுக்கில்லாத சைவம்தான். புரதத்தைக் கூட்டிப் பார்த்தேன், 30 கிராமைத் தொடவில்லை. 50 கிலோ எடைக்கு, கிலோவுக்கு 0.8 கிராம் என்று வைத்தால்கூட 40 கிராம் வேண்டும்.

தப்பு முழுக்க அவளுடையதும் இல்லை. ஒரு வளாகச் சமையல்கூடத்துக்குப் போயிருந்தபோது, சைவத் தட்டை எப்படித் தயார் செய்கிறீர்கள் என்று சமையல்காரரைக் கேட்டேன். "கறியை மட்டும் வைக்க மாட்டோம் மேடம், அதான் சைவம்." சரி, அந்த இடத்தில் என்ன வைப்பீர்கள்? கரண்டியைத் தூக்கிக் காட்டினார். "இன்னொரு கரண்டி சோறு." 100 கிராம் சோற்றில் புரதம் 3 கிராம்கூட இல்லை. அதே அளவு வெந்த பருப்பில் சுமார் 9 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. கறியை எடுத்த இடத்தில் பயறோ, பருப்போ, சோயாவோ, தயிரோ, முட்டை சாப்பிடுபவர்களுக்கு முட்டையோ வரவேண்டும். அது வராத தட்டை நான் சைவச் சாப்பாடு என்று சொல்ல மாட்டேன், பாதிச் சாப்பாடு என்பேன்.

பி12 இன்னொரு தலைவலி. அதைத் தயாரிப்பவை பாக்டீரியாக்கள். நமக்கு அது கறி, மீன், முட்டை, பால் வழியாகவோ, வைட்டமின் சேர்த்துச் செறிவூட்டிய உணவு வழியாகவோதான் வரும். கீரையில் கிடையாது. சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்களே, அதில் இருப்பதில் பெரும்பகுதி உடம்புக்கு உதவாத போலி வடிவம். ஒரு நாளைக்குத் தேவை வெறும் 2.4 மைக்ரோகிராம்தான். கல்லீரலில் ஏற்கெனவே இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். இந்தப் பெண் அசைவத்தை விட்டு மூன்று வருஷம், பாலும் பிடிக்காது. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்றாள். சேமிப்பு இப்போதுதான் தீர்ந்திருக்கிறது, அம்மா.

(பரிசோதனைத் தாளைத் தானே படித்துத் தைரியம் அடைபவர்களுக்கு ஒரு வார்த்தை: இரும்பு குறைந்தால் ரத்தச் சிவப்பணு அளவில் சிறுக்கும், பி12 குறைந்தால் அளவில் பெரிதாகும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சராசரி அளவு ஒழுங்காக இருப்பது போலத் தெரியலாம்.)

சைவத்தில் வயிறு கெடாது என்பது அடுத்த மூடநம்பிக்கை. சில கேன்டீன்களில் சைவத் தட்டுதான் மெதுவாகக் காலியாகும். காலையில் வடித்த சோறு மதியம் மூன்று மணி வரை வெதுவெதுப்பாகவே கிடக்கும். சோற்றில் வளரும் ஒரு வகைப் பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதியிலும் சாகாது. அது கக்கும் ஒருவித நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சூடாக வைக்கும் உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், குளிரில் வைப்பது 5 டிகிரிக்குக் கீழ். அரைவேக்காட்டுச் சிவப்பு ராஜ்மாவும் அப்படித்தான், நாலைந்து கொட்டையே வாந்தி எடுக்க வைத்துவிடும். ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, நன்றாகக் கொதிக்கவிட வேண்டும்.

மாணவர்களே, வரிசையில் நிற்கும்போது ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: இந்தத் தட்டில் புரதம் எங்கே? இல்லையென்றால் கேளுங்கள், கேட்டால்தான் வைப்பார்கள். காபி, டீயைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், தாவர உணவிலிருந்து இரும்பு உடம்பில் சேர்வதை அது தடுக்கும். கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். ஆறிப்போன சோற்றை வாங்காதீர்கள். பாலும் முட்டையும் தொடாதவர்கள் பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும், இதில் பேரம் கிடையாது. ஆனால் சோர்வாக இருக்கிறதே என்று கடையில் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். ரத்தசோகை சரியானது போலத் தெரியும், பி12 இல்லாமல் நரம்பு கெடுவது உள்ளே நடந்துகொண்டே இருக்கும். கால் மரத்தால், பருவத் தேர்வு முடியட்டும் என்று உட்காராதீர்கள். நரம்பு அதுவரை காத்திருக்காது.

உணவுக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது மெனு, அலங்காரம், திருவிழா வாரம் எதுவும் நான் கேட்கவில்லை. அந்த இரண்டாவது கரண்டிச் சோற்றுக்குப் பதிலாக ஒரு கரண்டி பயறு போடச் சொல்லுங்கள்.