புளூ-ரேயின் 25 ஜிபி எங்கிருந்து வந்தது?

டிவிடிக்கு அடுத்து வந்த உயர்தரப் பட டிஸ்க்கான புளூ-ரே பற்றிப் பேச்சு வந்தாலே, நீல லேசர், அதனால்தான் 25 ஜிபி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பாதிதான் சரி. 2006-ல் அதோடு மோத வந்த ஹெச்டி டிவிடியிலும் அதே 405 நானோமீட்டர் லேசர்தான், ஆனால் அதில் தகவல் பதியும் ஓர் அடுக்குக்கு 15 ஜிபிதான் கிடைத்தது. அந்த 10 ஜிபி வித்தியாசம் வந்த இடம்தான் எனக்கு இந்தத் தொழில்நுட்பத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதி.

முதலில், இவ்வளவு இடம் எதற்கு? 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படச்சட்டத்தைச் சுருக்காமல் வைத்தால் 6 எம்பிக்கு மேல் வரும், சினிமாவில் நொடிக்கு 24 சட்டம், அப்படியே பதிந்தால் 25 ஜிபி மூன்று நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். அதனால் ஹெச்.264 போன்ற முறைகளில் சுருக்கித்தான் பதிக்கிறார்கள். சுருக்கிய பிறகும், டிவிடியின் 4.7 ஜிபிக்குள் முழுப் படத்தையும் திணித்தால் தரம் அடிவாங்கும்.

டிஸ்க்குக்குள் இருப்பது சுருளாக ஓடும் ஒரு தடம், அதில் வரிசையாக நுண்ணிய பள்ளங்கள். லேசர் புள்ளி அதன்மேல் போகும்போது திரும்பி வரும் ஒளி கூடுவதையும் குறைவதையும் வைத்து பிளேயர் தகவலைப் படிக்கிறது. புள்ளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நெருக்கமாகப் பள்ளங்களை அடுக்கலாம். புள்ளியின் அளவு இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: ஒளியின் அலைநீளம், அப்புறம் லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைக் குவிக்கிறது என்பதைக் காட்டும் எண். முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பார்ப்போம்.

டிவிடிக்கு 650-ஐ 0.6-ஆல் வகுத்தால் 1083. ஹெச்டி டிவிடிக்கு 405-ஐ 0.65-ஆல் வகுத்தால் 623. புளூ-ரேயின் லென்ஸ் எண் 0.85, அதனால் 476. இடம் என்பது பரப்பு ஆயிற்றே, வர்க்கம் எடுத்து ஒப்பிட்டால் டிவிடியைவிட ஹெச்டி டிவிடியில் 3 மடங்கு, புளூ-ரேயில் 5 மடங்குக்குச் சற்று மேல் தகவல் பிடிக்க வேண்டும். 4.7-ஐப் பெருக்கிப் பாருங்கள், 14, 24 என்று வருகிறது. கடைக்கு வந்த டிஸ்க்குகளின் அளவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது!

சரி, ஹெச்டி டிவிடிக்காரர்களும் 0.85 லென்ஸையே போட்டிருக்கலாமே? அங்கேதான் சிக்கல். சுழலும் டிஸ்க் எப்போதும் லேசாகச் சாயும், சாய்ந்தால் மேலிருக்கும் பிளாஸ்டிக்கைக் கடந்துவரும் ஒளிப்புள்ளி வால்நட்சத்திரம் போல இழுபட்டுவிடும். இந்தக் கோளாறு பிளாஸ்டிக்கின் தடிமனோடு கூடுகிறது, லென்ஸ் எண்ணின் மும்மடியோடும் கூடுகிறது. எனவே பெரிய எண் வேண்டுமென்றால் தடிமனைக் குறைத்தே ஆக வேண்டும். டிவிடியில் 0.6 மில்லிமீட்டராக இருந்த அந்த உறையை புளூ-ரே 0.1 ஆக்கியது. ஹெச்டி டிவிடி 0.6-லேயே நின்றது, ஏற்கெனவே இருந்த டிவிடி ஆலைகளைச் சிறு மாற்றங்களோடு பயன்படுத்தலாம் என்பதால். அந்த ஆண்டுகளின் செலவுக் கணக்குக்கு அது நியாயம்தான், ஆனால் இடத்தை விட்டுக்கொடுத்த முடிவு. 2008 பிப்ரவரியில், ஹெச்டி டிவிடியை முன்னின்று நடத்திய தோஷிபா நிறுவனமே அதைக் கைவிட்டது. அதற்கு லென்ஸைவிட, அதற்கு முந்தைய மாதம் வார்னர் பிரதர்ஸ் பட நிறுவனம் புளூ-ரே பக்கம் சாய்ந்ததுதான் பெரிய காரணம்.

மெல்லிய உறைக்கு ஒரு விலை உண்டு. டிவிடியின் மேற்பரப்பில் லேசர் விழும் வட்டம் சுமார் அரை மில்லிமீட்டர் அகலம், அதனால் ஒரு தூசி அதில் சிறு பகுதியைத்தான் மறைக்கும். புளூ-ரேயில் அந்த வட்டம் ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டர்தான், அதே தூசி பாதி ஒளியையே மறைத்துவிடலாம். இதற்குப் பயந்து ஆரம்பத்தில் டிஸ்க்கைப் பெட்டிக்குள் வைத்தே விற்றார்கள், கீறல் தாங்கும் கடினமான பூச்சு வந்த பிறகுதான் பெட்டி போனது. 2016-ல் வந்த 4கே டிஸ்க்குகளுக்கும் இதே லேசர், இதே லென்ஸ் எண்தான். அடுக்குக்கு 33 ஜிபி, மூன்று அடுக்கில் 100 ஜிபி.

பூச்சு இருந்தாலும், துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். குறுக்காக விழும் கீறலைப் பிழைதிருத்தும் முறை சமாளித்துவிடும், வட்டமாகத் துடைத்துத் தடத்தின் வழியே நீளமாகக் கீறல் விழுந்தால் தொடர்ச்சியாகத் தகவல் போய்விடும்.