முதல் ஆளுநரின் கடந்தகாலம்

புதிதாகத் தொடங்கப்படும் ஒரு மத்திய வங்கிக்குச் சட்டமும் கட்டடமும் முதல் நாளிலேயே இருக்கும், கடந்தகாலம் இருக்காது. விலைவாசி ஏறிய நாட்களில் அது உறுதியாக நின்றதா, அரசின் நெருக்குதலுக்குப் பணிந்ததா என்று திரும்பிப் பார்க்க எதுவும் இல்லாததால், அதன் தலைமையில் அமர்த்தப்படுபவர்களின் முந்தைய செயல்களே அந்த நிறுவனத்தின் வரலாறாகக் கொள்ளப்படுகின்றன.

இது வெறும் மதிப்பு மரியாதை சார்ந்த விஷயம் அன்று. அடுத்த ஆண்டு விலைகள் 2 சதவீதம் ஏறும் என்று நம்பும் தொழிற்சங்கம் அதற்கேற்பவே ஊதிய உயர்வு கேட்கும். 6 சதவீதம் ஏறும் என அஞ்சினால் அந்த அளவுக்குக் கேட்கும், நிறுவனங்கள் அந்தச் செலவை விலையில் ஏற்றும், அஞ்சியதே நடந்துவிடும். அதன் பிறகு பணவீக்கத்தைக் கீழே கொண்டுவர வட்டி விகிதத்தைக் கடுமையாக உயர்த்த வேண்டியிருக்கும். அதற்கான விலையை வேலை இழப்பவர்கள் கொடுப்பார்கள். விலைகளைக் கட்டுப்படுத்துவதாக வாக்களித்துவிட்டு, பிறகு வேலைவாய்ப்பைப் பெருக்க அந்த வாக்கை மீறும் ஆசை எந்த அரசுக்கும் எழும் என்பதையும், மக்கள் அதை முன்கூட்டியே ஊகித்துவிடுவார்கள் என்பதையும் கிட்லாண்ட், பிரெஸ்காட் ஆகிய பொருளியலாளர்கள் 1977இல் விளக்கினர். சமூகம் சராசரியாகக் கவலைப்படுவதைவிடப் பணவீக்கத்தைப் பற்றிக் கூடுதலாகக் கவலைப்படும் ஒருவரை மத்திய வங்கியின் தலைவராக, அதாவது ஆளுநராக்குவது இதற்கு ஒரு மருந்து என்று 1985இல் கென்னத் ரோகாஃப் வாதிட்டார். மருந்தின் அளவு மிஞ்சக்கூடாது என்பதும் அவருடைய வாதத்தின் ஒரு பகுதி: விலையைத் தவிர வேறெதையும் பார்க்காத ஆளுநர், உற்பத்தி முடங்கும் நெருக்கடியில் பொருளாதாரத்தைத் தாங்கிப்பிடிக்க மாட்டார்.

யூரோ என்ற பொது நாணயத்துக்காக 1998இல் உருவான ஐரோப்பிய மத்திய வங்கி இதற்குப் பெரிய சோதனைக்களமாக அமைந்தது. அதன் முதல் தலைவரான வீம் டூசன்பெர்க், 1982 முதல் நெதர்லாந்தின் மத்திய வங்கியை நடத்தி, அந்நாட்டு நாணயத்தை, உறுதிக்குப் பெயர்பெற்ற ஜெர்மனியின் நாணயமான மார்க்கோடு இறுகப் பிணைத்து வைத்திருந்தவர். அதற்கு முன் நிதியமைச்சராகவும் இருந்ததால் அரசியல்வாதிகளின் மேசை எப்படி இயங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். பிரான்ஸோ தன் மத்திய வங்கி ஆளுநரான ழான் குளோட் திரிஷேயை முன்னிறுத்தியது. அவரும் தகுதியில் குறைந்தவர் அல்லர் என்பதால், இழுபறி திறமையைப் பற்றியது அன்று, நாடுகளின் கௌரவத்தைப் பற்றியது. பிரஸ்ஸல்ஸில் மே மாதத் தொடக்கத்தில் நடந்த பேச்சு நள்ளிரவைக் கடந்தும் நீண்டது. எட்டாண்டுப் பதவிக்காலத்தை முழுதாக நிறைவு செய்யப்போவதில்லை என்றும், அது தன் வயதைக் கருதித் தானே எடுத்த முடிவு என்றும் டூசன்பெர்க் அறிவித்த பிறகே உடன்பாடு ஏற்பட்டது. சுதந்திரமாக இயங்க வேண்டிய நிறுவனத்தின் முதல் நியமனத்திலேயே பேரத்தின் நிழல் விழுந்தது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

ஆனால் அதே நியமனத்தில் கவனமாகச் செய்யப்பட்ட ஒரு வேலையும் இருக்கிறது. வங்கியை நடத்தும் செயற்குழுவின் ஆறு பேருக்கும் வழக்கமான எட்டாண்டுகளை ஒரேயடியாக வழங்கியிருந்தால், 2006இல் அனைவரும் ஒரே நாளில் வெளியேறியிருப்பார்கள். நிறுவனத்தின் நினைவும் அவர்களோடு போயிருக்கும், ஆறு நாற்காலிகளுக்கும் சேர்த்து இன்னொரு பேரம் நடந்திருக்கும். அதைத் தவிர்க்க, துணைத்தலைவர் கிறிஸ்டியன் நோயேக்கு 4 ஆண்டுகள், மற்றவர்களுக்கு 5, 6, 7 என்று ஏறுவரிசையில் பதவிக்காலம் வகுக்கப்பட்டது. ஜெர்மன் மத்திய வங்கியிலிருந்து வந்த ஆட்மார் இஸ்ஸிங்குக்கு முழு 8 ஆண்டுகள் கிடைத்தன. செயற்குழுவில் எவருக்கும் மறுநியமனம் கிடையாது என்பதும் விதி. மீண்டும் பதவி வேண்டி எந்தத் தலைநகரையும் மகிழ்விக்க வேண்டிய தேவை அதனால் இல்லாமல் போனது.

உள்நாட்டில் எவரையும் எல்லோரும் நம்ப இயலாத இடத்தில் என்ன செய்வது? போரிலிருந்து மீண்ட போஸ்னியாவுக்கு 1995இன் டேட்டன் உடன்படிக்கை அசாதாரணமான ஒரு விடையைத் தந்தது. மத்திய வங்கியின் முதல் ஆளுநரைச் சர்வதேச நாணய நிதியம் நியமிக்கும். அவர் போஸ்னியாவின் குடிமகனாகவோ அண்டை நாடுகளின் குடிமகனாகவோ இருக்கக் கூடாது. ஆளுகைக் குழுவில் அவரோடு மூவர் அமர்ந்தனர்: ஒரு போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), ஒரு குரோட், போஸ்னியாவுக்குள்ளேயே அமைந்த செர்புக் குடியரசின் சார்பில் ஒருவர். முதல் இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. வாக்குகள் சமமாகப் பிரிந்தால் முடிவு அந்த அயல்நாட்டு ஆளுநரின் கையில் இருந்தது.