பாலட்: கதைப்பாடலா, வெறும் பாட்டா?

ஆங்கிலக் கவிஞர் ஜான் கிளேரின் (1793–1864) தந்தை பார்க்கர், கதிரடிக்கும் கூலியாள். கொம்புக் குவளையில் பீரை வைத்துக்கொண்டு, "நூறு பாலட்டுக்கு மேல் எனக்குப் பாடவோ ஒப்பிக்கவோ வரும்" என்று கூட்டாளிகளிடம் பெருமையடிப்பாராம். மகனே எழுதிவைத்திருக்கிறார். இந்தப் 'பாலட்' (ballad) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'கதைப்பாடல்' என்பதே நம்மிடம் வழங்கும் சொல். நல்ல சொல்தான், முத்துப்பட்டன் கதையும் நல்லதங்காள் கதையும் அந்த வகைதான். ஆனால் பாலட்டின் வேரில் கதையே கிடையாது. பிற்கால இலத்தீனில் 'பல்லாரே' என்றால் ஆடுதல். அதிலிருந்து தென் பிரான்சின் ஆக்சிதன் மொழியில் 'பலாதா' வந்தது: ஆடிக்கொண்டே பாடும் பாட்டு. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்தில் நுழைந்தது. 'பாலே' நடனமும் இதே குடும்பம்தான். இங்கிலாந்தில் ஆட்டம் கழன்றுகொள்ள, கதை வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு ஒற்றைத் தாளில் அச்சடித்துச் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டெல்லாம், கதை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாலட் ஆகிவிட்டது.

கிளேர் பிறந்த ஹெல்ப்ஸ்டன், அன்று நார்தாம்ப்டன்ஷயரில் இருந்த ஒரு சிற்றூர். பெற்றோரிடமும் ஊராரிடமும் கேட்ட பாட்டுகளை அவர் எழுதிவைத்தார். விட்டுப்போன அடிகளைத் தாமே இட்டு நிரப்பவும் செய்தார். எது ஊர்ப்பாட்டு, எது கிளேர் என்று பிரிப்பது ஆய்வாளர்களுக்குத் தலைவலி. அவர் ஃபிடில் வாசிப்பவரும்கூட. ஊருக்கு வெளியே கூடாரமடித்த ஜிப்சிகளிடம் காதால் கேட்டே கற்றுக்கொண்டார். அவர் கைப்பட எழுதிய இரண்டு மெட்டுப் புத்தகங்களில் 200க்கும் மேற்பட்ட மெட்டுகள் உள்ளன. அவற்றில் ஏராளமானவை ஆட்டத்துக்குரியவை. 'பாலட்' என்ற சொல் தொலைத்துவிட்ட ஆட்டம் அங்கே பத்திரமாக இருக்கிறது.

'நாட்டார் பாடல்' என்று போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் அது ஆய்வாளர் சொல். நாட்டார் வழக்காற்றைக் குறிக்கும் 'ஃபோக்லோர்' என்ற சொல்லை எழுத்தாளர் வில்லியம் தாம்ஸ் 1846இல் ஆங்கிலத்துக்குத் தந்தபோது, கிளேர் நார்தாம்ப்டன் மனநலக் காப்பகத்தில் இருந்தார். தாம் சேர்த்தவற்றுக்கு அப்படியொரு பெயர் அவருக்குத் தேவைப்படவுமில்லை.

ஆகவே ஆய்வுக் கட்டுரையில் பாலட்டைக் 'கதைப்பாடல்' என்றே எழுதுவேன். பார்க்கர் குவளையோடு சொல்லும்போது 'பாட்டு' போதும். பழைய புத்தகங்களில் வரும் 'நாடோடிப் பாடல்' எனக்குப் பிடிப்பதில்லை. பார்க்கரோ உள்ளூர்க் களத்தில் கதிரடித்தவர். அந்த ஜிப்சி மெட்டுகளுக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.