காலையில் ஜூஸ், ராத்திரி மாத்திரை: இடைவெளி விட்டாலும் ஏன் தப்பிக்க முடியாது?

கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, ஆரஞ்சு குடும்பத்துப் பழம்) சாறு மாத்திரையோடு மோதும் என்பதை யாரும் தேடிப்போய்க் கண்டுபிடிக்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரில், டேவிட் பெய்லி என்ற மருந்தியல் ஆய்வாளரின் குழு, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. தனக்குக் கொடுத்தது மதுவா வெறும் சாறா என்று குடிப்பவருக்குத் தெரியக்கூடாது, ஆகவே மதுவின் ருசியை அமுக்க ஏதாவது வேண்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த சாறுகளையெல்லாம் ருசி பார்த்ததில் தேறியது கிரேப்ஃப்ரூட். சோதனை செய்து பார்த்தால், மது குடித்தவர், குடிக்காதவர் இரண்டு பேர் ரத்தத்திலும் மருந்து எக்கச்சக்கம். சந்தேகம் வந்து பெய்லி தானே மாத்திரையை ஒருமுறை தண்ணீரோடும் ஒருமுறை சாறோடும் விழுங்கிப் பார்த்தார். சாறோடு போட்டபோது ரத்தத்தில் ஏறிய மருந்து சுமார் ஐந்து மடங்கு. இது வெளிவந்தது 1989-இல். அப்போது பலர் நம்பவே இல்லை.

சாறு மருந்தோடு கலந்து எதுவும் செய்வதில்லை. எல்லாம் சிறுகுடல் சுவரில் நடக்கிறது. அங்கே சிஒய்பி3ஏ4 என்று ஒரு நொதி (என்சைம்), உள்ளே வரும் வேற்றுப் பொருள்களை உடைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும், மாத்திரையையும் சேர்த்துத்தான். குடல் சுவரிலும் அப்புறம் கல்லீரலிலும் இப்படிப் போனது போக, ஃபெலோடிபினில் சுமார் 15 சதவீதம்தான் ரத்தத்தில் முழுசாகச் சேர்கிறது. டோல்கேட்டில் பிடிப்பது போக மிச்சம் இவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் மருந்தின் அளவே தீர்மானமாகிறது. கிரேப்ஃப்ரூட் அந்த டோல்கேட்டையே தூக்கிவிடுகிறது.

அந்தப் பழத்தில் ஃபியூரனோகூமரின் வகையைச் சேர்ந்த பொருள்கள் இருக்கின்றன, பர்கமோட்டின் அதில் ஒன்று. நொதி வழக்கம்போல அதைப் பிடித்து உடைக்கப் போகும், உடைந்த துண்டு நொதியோடேயே ஒட்டிக்கொள்ளும், அதோடு அந்த நொதியின் கதை முடிந்தது. குடல் செல்கள் புதிதாகத் தயாரித்தால்தான் உண்டு, அதற்கு ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். ஒரே ஒரு டம்ளர் சாறு போதும் இதற்கு. ஜூஸுக்கும் மாத்திரைக்கும் நடுவே நாலைந்து மணி நேரம் விட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது அதனால்தான் பலிப்பதில்லை. வழக்கமாகக் குடிக்கும் அளவில் கல்லீரலில் இருக்கும் நொதிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, அதனால் அதே மருந்தை ஊசியாகப் போட்டால் இந்தத் தொல்லை கிடையாது.

கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் சிம்வாஸ்டாட்டின்தான் ரொம்ப மோசம்: ரத்தத்தில் அளவு ஏறினால் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் வரை போகலாம். அட்டோர்வாஸ்டாட்டினுக்குப் பாதிப்பு குறைவு, ரோசுவாஸ்டாட்டினுக்கு இல்லை என்றே சொல்லலாம், ஏனென்றால் அதை உடைப்பது இந்த நொதி இல்லை. நம் ஊரில் பலர் ரத்த அழுத்தத்துக்குப் போடும் அம்லோடிபினுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு, புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போடுபவர்கள் கிரேப்ஃப்ரூட் பக்கமே போகக்கூடாது. குடலில் இந்த நொதி எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், எனவே பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உங்களுக்கு உத்தரவாதம் இல்லை.

இங்கே கிரேப்ஃப்ரூட்டை யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கலாம். சரி, பம்பளிமாஸ்? கிரேப்ஃப்ரூட்டே பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம்தான், தாய்ப் பழத்திலும் அதே சரக்கு இருக்கிறது. சாத்துக்குடி பிரியர்கள் இந்த விஷயத்தில் கவலைப்பட வேண்டாம்.

அலர்ஜிக்குப் போடும் ஃபெக்ஸோஃபெனடினில் எல்லாம் தலைகீழ். அதைக் குடலிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு புரதம் வேண்டும், சாறு அந்தப் புரதத்தை அடைத்துவிடுகிறது, மருந்து ஏறுவதற்குப் பதில் குறைந்து போய் தும்மல் நிற்காது. இந்த வேலையை ஆரஞ்சுச் சாறும் ஆப்பிள் சாறும்கூடச் செய்யும். ஆனால் இந்த அடைப்பு சில மணி நேரத்தில் விலகிவிடும், ஆகவே இந்த மாத்திரைக்கு இடைவெளி விட்டால் பலன் உண்டு. விழுங்குவது என்னவோ தண்ணீரில்தான்.