ஸ்பார் – தூண் மிதவை

கடலில் மிதக்கும் காற்றாலைகளைப் பற்றிப் படிப்பவர்கள் 'ஸ்பார்' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. காற்றாலையைத் தாங்கி நிற்கும் நீண்ட உருளை அது. மேற்பகுதி காலி, அடியில் கனமான இரும்புத்தாதும் தண்ணீரும் நிரப்பியிருப்பார்கள். எடையெல்லாம் கீழே இருப்பதால் அலை தள்ளிச் சாய்த்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். விலகிப் போகாதபடி சங்கிலிகளால் கடலடித் தரையோடு பிணைத்துவிடுவார்கள்.

ஆதியில் ஸ்பார் என்றால் மரம்தான். உத்தரம், கழி என்ற பொருளில் வட ஐரோப்பிய மொழிகளில் வழங்கிய சொல், ஆங்கிலக் கப்பலோட்டிகளிடம் வந்து பாய்மரத்துக்கும் பாய் தாங்கும் குறுக்குமரங்களுக்கும் பொதுப்பெயரானது. பிறகு, கழி போலச் செங்குத்தாக நிற்கும் மிதவைக்கும் அதே பெயர். 1976இல் வடகடலில் நிறுத்திய 'பிரென்ட் ஸ்பார்' எண்ணெய்ச் சேமிப்பு மிதவை அந்த வகை. 2009இல் நார்வேயின் கார்மோய் தீவுக்கு அப்பால் நிறுவிய ஹைவிண்ட் சோதனைக் காற்றாலையும் ஸ்பாரின் மேல்தான் நின்றது.

தமிழில் எப்படிச் சொல்வது? 'பாய்மர மிதவை' என்றால் படகுதான் நினைவுக்கு வரும். சங்கத் தமிழில் பாய்மரத்துக்குக் 'கூம்பு' என்று பெயர். 'கூம்பொடு மீப்பாய் களையாது' பெருங்கலம் ஆற்றுமுகத்துக்குள் நுழைந்ததைப் புறநானூற்றின் 30ஆம் பாட்டு சொல்கிறது. அருமையான சொல். ஆனால் இன்று கூம்பு என்றால் கணக்குப் பாடத்து வடிவம்தான். ஆகவே 'தூண் மிதவை' என்பதே சரி. நிற்பதும் மிதப்பதும் அதிலேயே வந்துவிடுகின்றன.

தூண் என்றதும் அதன் உயரமும் மனதில் படும். இந்தத் தொழிலின் பெரிய சிக்கலே அங்கேதான் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட்டுக்கு அப்பால் 2017இல் ஓடத் தொடங்கிய ஹைவிண்ட் பண்ணையில் 6 மெகாவாட் காற்றாலைகள் ஐந்து. ஒவ்வொரு தூணிலும் ஏறத்தாழ 78 மீட்டர் நீருக்குள் இருக்கிறது. அவ்வளவு ஆழம் எந்தச் சாதாரணத் துறைமுகத்தில் கிடைக்கும்? ஸ்பெயினில் செய்த எஃகு உருளைகளைப் படுத்தவாக்கில் நார்வேயின் ஸ்டோர்ட் தீவுக்குக் கொண்டுபோனார்கள். மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு நுழைந்திருக்கும் இடமான ஃபியோர்டின் அலை அடங்கிய ஆழமான நீரில், உள்ளே தண்ணீர் விட்டு அவற்றை நிமிர்த்தி, அடியில் எடையிட்டு, 'சாய்பெம் 7000' என்ற மிதக்கும் பாரந்தூக்கியால் காற்றாலைகளைத் தூக்கி வைத்தார்கள். அப்புறம் நின்ற கோலத்திலேயே வடகடலின் குறுக்கே இழுத்துப் போனார்கள்.

ஃபியோர்டு இல்லாத நாடுகள் ஆழம் குறைந்த நீரிலும் மிதக்கும் 'அரைமூழ்கு மிதவை'யை நாடுவது இதனால்தான். போர்ச்சுகலின் விண்ட்ஃப்ளோட் அட்லாண்டிக் காற்றாலைகள் அந்த வகை. அவற்றைத் துறைமுகத்திலேயே முழுதாகப் பூட்டிக் கடலுக்கு இழுத்துப் போக முடிந்தது.