வயிற்றில் பருப்பு வேகாத விஷம்

ஒரு பள்ளி மாணவி கேட்டிருக்கிறார்: "பாய்சன், வெனம் இரண்டுக்கும் அகராதியில் விஷம் என்றே போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு இரண்டு சொல்?"

நியாயமான கேள்வி. நமக்கு அரளி விதையும் விஷம், விரியன் பல்லில் இருப்பதும் விஷம். ஆங்கிலத்தில் அரளி பாய்சன். தின்றோ தொட்டோ முகர்ந்தோ உடம்புக்குள் போவது. வெனம் என்பது ஓர் உயிர் பல்லாலோ கொடுக்காலோ குத்தி இறக்குவது. பாய்சன் என்ற சொல்லே 'பானம்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

எந்த வழியாகப் போனால் என்ன, விஷம் விஷம்தானே? அங்கேதான் வேதியியல் குறுக்கே வருகிறது. அரளியின் ஒலியாண்ட்ரின் சின்ன மூலக்கூறு, எடை 600-க்குள். குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலந்து இதயத்தைப் பிடித்துவிடும். பாம்பு விஷமோ பெரும்பாலும் புரதம். விழுங்கினால், வயிற்றுக்கு அதுவும் அவித்த முட்டையும் ஒன்றுதான், செரித்துத் தள்ளிவிடும். (வாயில், வயிற்றில் புண் இருந்தால் கதை வேறு. யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.) ஆலகாலம் வாசுகி கக்கியது என்ற கதையைக் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: பார்வதி கழுத்தைப் பிடித்திருக்கவே வேண்டாம்.

ரத்தத்தில் இறங்கினால்தான் அந்தப் புரதத்தின் கைவரிசை தெரியும். கண்ணாடி விரியனை எடுத்துக்கொள்வோம். நம் ரத்தத்தில் பத்தாம் காரணி என்றொரு புரதம் தூங்கிக்கொண்டே சுற்றுகிறது. விரலில் கத்தி பட்டால் உடம்பு அதை எழுப்பும், ரத்தம் உறையும். விரியனின் நொதி ஒன்று, காயமே இல்லாத இடத்திலும் அதைத் தட்டி எழுப்பிவிடுகிறது. உடம்பெங்கும் குட்டிக் குட்டி உறைவுகள் தோன்றிக் கரைகின்றன. கொஞ்ச நேரத்தில் உறைவதற்கான சரக்கே தீர்ந்துபோகும். உறைய வைக்கும் விஷம் கடைசியில் உறையாத ரத்தத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஈறு கசியும், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைக்கிறார்கள். பிறகு மெல்லச் சாய்க்கிறார்கள். கட்டியாக நின்றால் சரி, கொஞ்சம் மூச்சு விடலாம். தண்ணீராக ஓடினால் உடனே ஏஎஸ்வி, அதாவது பாம்பு விஷமுறிவு மருந்து. பிளாஸ்டிக் குழாய் ஆகாது, ஏனென்றால் உறைதலைத் தொடங்கி வைப்பதே கண்ணாடியின் பரப்புதான். 1934-இல் மக்ஃபர்லேன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த விரியன் விஷத்தையே நீர்த்து, ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளின் காயத்தில் வைத்து ரத்தத்தை நிறுத்திக் காட்டினார்!

ஏஎஸ்வி-யும் புரதம்தான். வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கும் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அது உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். மாத்திரையாகக் கொடுத்தால் வயிறு அதையும் செரித்துவிடும். அதனால்தான் நரம்பில் ஏற்றுகிறார்கள். நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனை சாவுக்குப் பிறகும் மருந்து செய்ய நமக்குக் குதிரைதான் கதி. ஆராய்ச்சிக்குப் போகும் பணம் போதாது என்பது என் கட்சி. விஷக்கல்லைக் கடிவாயில் ஒட்டிவைத்து உட்கார்ந்திருப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.

இரண்டு சொல்லும் பொருந்தும் பாம்பு ஒன்று ஜப்பானில் உண்டு. பெயர் யமாககாஷி. பின்பற்களில் வெனம், அதுவும் ரத்தத்தை உறைய வைத்துக் கெடுக்கும் ரகம். பிடரியிலோ பாய்சன், அதுவும் சொந்தச் சரக்கல்ல. தேரையைத் தின்று, தேரையின் நஞ்சைப் பத்திரமாகச் சேர்த்துவைத்துக்கொள்கிறது. கழுத்தைக் கவ்வ வருகிற எதிரிக்கு அது பதில் சொல்லும். கின்காசான் தீவில் தேரைகள் கிடையாது. அங்கே இதே பாம்பின் பிடரியில் அந்த நஞ்சும் கிடையாது.